தொண்ணூறும் தொம்பத்தும்: ஐந்து வயதுக் குழந்தையின் எண்ணறிவு மதிப்பீட்டைப் படிப்பது எப்படி?

பெங்களூருவின் மழலையர் வகுப்புகளிலிருந்தும் முதல் வகுப்பிலிருந்தும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பெற்றோரின் கைக்கு ஒரு தாள் வந்து சேர்கிறது. ‘எண் திறன்’ என்ற வரிக்கு எதிரே ஓர் ஆங்கில எழுத்தோ, சில நட்சத்திரங்களோ, ‘கூடுதல் கவனம் தேவை’ என்ற குறிப்போ இருக்கும். குழந்தையிடம் என்ன கேட்கப்பட்டது, எந்த மொழியில் கேட்கப்பட்டது, அது என்ன சொன்னது ஆகியவை பெரும்பாலும் அத்தாளில் இடம்பெறுவதில்லை. இருந்தும் அந்த ஒற்றை வரியை வைத்து வீட்டில் முடிவுகள் எடுக்கப்படுகின்றன: மாலை நேரத் தனிவகுப்பு, அண்டை வீட்டுக் குழந்தையோடு ஒப்பீடு, ‘இவளுக்குக் கணக்கு வராது’ என்ற பேச்சு. ஐந்து வயதில் விழும் அந்தச் சொல் பள்ளிப் பருவம் முழுவதும் கூடவே வரக்கூடும். எந்த மொழியில் அளக்கப்பட்டது என்று சொல்லாத எண்ணறிவு மதிப்பெண்ணைப் பொருள்கொள்ள இயலாது என்பதும், பன்மொழி நகரமான பெங்களூருவில் அத்தகைய மதிப்பெண் குழந்தைக்கு அநீதியாக முடியக்கூடும் என்பதுமே இப்பதிவின் வாதம்.

விளக்கத்துக்காக ஒரு குழந்தையைக் கற்பனை செய்துகொள்ளலாம். அல்சூரில் தமிழ் பேசும் வீட்டில் வளரும் ஐந்தரை வயதுச் சிறுமி. தெருவில் கன்னடம் கேட்கிறாள். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் கலந்து கேட்கிறாள். மதிப்பீட்டு நாளில் ஆசிரியை 90 என்று அச்சிட்ட அட்டையைக் காட்டி, இது என்ன எண் என்று கன்னடத்தில் கேட்கிறார். சிறுமி, பாட்டி சொல்லித் தந்தபடி, மெல்லிய குரலில் ‘தொண்ணூறு’ என்கிறாள். கன்னடத்தில் தொண்ணூற்றுக்குப் பெயர் ‘தொம்பத்து’. நூற்றுக்குப் பெயர் ‘நூரு’. சிறுமியின் சொல்லில் ஆசிரியையின் காதில் தெளிவாக விழுவது கடைசிப் பகுதியான ‘நூறு’. தொண்ணூறைக் காட்டினால் நூறு என்கிறாள் என்று தாளில் தவறுக்குறி விழுகிறது. இந்த நகரத்தில் தமிழறிந்த ஆசிரியர்கள் ஏராளம் என்பதால் எல்லா வகுப்பிலும் இப்படி நடக்கும் என்பதில்லை. ஆனால் நடந்துவிட்டால் அதைக் கண்டுபிடிக்க அந்தத் தாளில் எந்தத் தடயமும் இருக்காது.

முதலில் அளக்கப்படும் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எண்ணறிவு ஒரே திறன் அன்று. 1978இல் ரோஷெல் கெல்மனும் சி. ஆர். கேலிஸ்டலும் எண்ணுதலுக்குள் ஐந்து கொள்கைகளைப் பிரித்துக் காட்டினர். ஒரு பொருளுக்கு ஒரு சொல் மட்டுமே வரவேண்டும். சொற்களின் வரிசை மாறக்கூடாது. கடைசியாகச் சொன்ன சொல்லே மொத்தத் தொகை. எதை வேண்டுமானாலும் எண்ணலாம். எந்தப் பொருளிலிருந்தும் எண்ணத் தொடங்கலாம். ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று நூறுவரை ஒப்பிக்கும் குழந்தை இவற்றில் இரண்டாவதை மட்டுமே கைக்கொண்டிருக்கக்கூடும். உறவினர் முன்னிலையில் பாராட்டுப் பெறுவதும் அந்த ஒப்பித்தலே.

மூன்றாவது கொள்கைதான் உண்மையான வாசல். 1990களின் தொடக்கத்தில் கேரன் வின் வெளியிட்ட ஆய்வுகள் இதனை எளிய முறையில் சோதித்தன. குழந்தையின் முன் பொம்மைக் குவியலை வைத்து ‘இதில் நான்கு கொடு’ என்று கேட்பதே அம்முறை. பத்துவரை பிசகாமல் எண்ணும் குழந்தைகள்கூட நான்கு கேட்டால் கை நிறைய அள்ளிக் கொடுத்தனர். முதலில் ‘ஒன்று’ என்பதன் பொருள் மட்டும் தெரியும், சில மாதங்கள் கழித்து ‘இரண்டு’, பின்னர் ‘மூன்று’. அதன் பிறகே, எண்ணி முடிக்கும் சொல்தான் தொகை என்ற தெளிவு பிறக்கிறது. ஆகவே நூறுவரை எண்ணத் தெரியாத குழந்தை ஆறு புளியங்கொட்டைகளைக் கேட்டால் சரியாக எடுத்துத் தருமானால், நூறுவரை ஒப்பித்துவிட்டு ஆறு கேட்டால் அள்ளித் தரும் குழந்தையைவிட அது ஒரு படி மேலே நிற்கிறது. மதிப்பெண் தாள்களோ பல நேரங்களில் இவ்விருவரையும் தலைகீழாக வரிசைப்படுத்துகின்றன.

இந்தப் படிகள் அனைத்தும் சொற்களின் வழியே நடப்பவை. சொற்கள் மொழிக்கு மொழி வேறுபடுகின்றன. தமிழில் பதின்மப் பெயர்களின் வரிசையைக் கவனிக்கலாம்: இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது. அடுத்து வருவது தொண்ணூறு. எழுமுறை ‘பது’ என்று முடிந்த வரிசை எட்டாம் முறை ‘நூறு’ என்று முடிகிறது. மறுபுறம், ‘பது’ என்ற ஈற்றைக் கொண்ட ஒன்பது பதின்மமே அன்று. பத்துக்கும் குறைந்த எண். இதே விலகல் அடுத்த படியிலும் தொடர்கிறது: எண்ணூறுக்குப் பின் தொள்ளாயிரம், அதன் ஈற்றில் நிற்பது ஆயிரம். ஒன்பதோடு பத்தும் நூறும் புணரும் இந்த விந்தைக்குத் தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் தனி விதிகளே வகுத்திருக்கிறது. இலக்கண ஆசிரியருக்குத் தனி விதி தேவைப்பட்ட இடத்தை ஐந்து வயதுக் குழந்தை விதியின்றிக் கடக்க வேண்டியிருக்கிறது. தமிழில் எண்ணும் குழந்தை தொண்ணூற்றொன்றை எழுதச் சொன்னால் நூறின் சுழியங்களைச் சேர்த்து எழுதுமானால், அது கேட்ட சொல்லுக்கு நேர்மையாக எழுதியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

கன்னடத்தில் இந்தச் சிக்கல் இல்லை. எப்பத்து, எம்பத்து, தொம்பத்து என்று வரிசை சீராகச் செல்கிறது; தொள்ளாயிரத்துக்கு இணையான ‘ஒம்பைநூரு’ என்பதும் நூறிலேயே முடிகிறது. ஆனால் அங்கே வேறொரு பொறி இருக்கிறது. ஒன்பது ‘ஒம்பத்து’, எண்பது ‘எம்பத்து’, தொண்ணூறு ‘தொம்பத்து’: முதல் ஒலி மட்டுமே வேறுபடும் மூன்று சொற்கள், இரைச்சலான வகுப்பறையில். உருதுவிலோ 19, 29, 39 ஆகியவை அடுத்த பதின்மத்திலிருந்து ஒன்று குறைத்துச் சொல்லப்படுகின்றன; 29ஐக் குறிக்கும் ‘உன்தீஸ்’ என்ற சொல்லுக்குள் முப்பது ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ குழப்பம். பதினான்கைச் சொல்லும்போது நான்கு முன்னால் வருவதால் அதை 41 என்று எழுதும் தவறு. சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் எண்ணும் குழந்தைகளை ஒப்பிட்ட கெவின் மில்லரும் சக ஆய்வாளர்களும் பத்துவரை வேறுபாடு இல்லை என்றும், பதினொன்று முதல் இருபதுவரையிலான பகுதியில்தான் ஆங்கிலக் குழந்தைகள் பின்தங்குகின்றனர் என்றும் காட்டினர். சீனத்தில் அப்பெயர்கள் ‘பத்து ஒன்று’, ‘பத்து இரண்டு’ என்று சீராக அமைந்திருப்பதே ஆய்வாளர்கள் சுட்டும் காரணம்.

இலக்கணமும் பங்கு வகிக்கிறது. ஸ்லோவேனிய மொழியிலும் சவூதி அரபியிலும் ஒருமை, பன்மையோடு இருமை வடிவமும் உண்டு. அவற்றைப் பேசும் குழந்தைகள் ‘இரண்டு’ என்பதன் பொருளை ஆங்கிலக் குழந்தைகளைவிட முன்னதாகவே பற்றிக்கொள்கின்றனர் என்பது 2013இல் வெளியான ஆய்வின் முடிவு. தமிழ்ப் பேச்சு வழக்கில் ‘ரெண்டு மாங்கா’, ‘அஞ்சு மாங்கா’ என்று பெயர்ச்சொல் மாறாமல் நிற்கிறது. பன்மை ஈறு தரும் குறிப்பைத் தமிழ்க் குழந்தை இங்கே பெறுவதில்லை.

அடுத்தது கேள்வியின் சொல்லமைப்பு. ‘எது பெரிய எண்?’ என்பது ஏறத்தாழ எல்லா மதிப்பீட்டிலும் வரும் கேள்வி. தமிழிலும் கன்னடத்திலும் பெயரடைக்கு ஒப்பீட்டு ஈறு கிடையாது. ‘பெரிய’ என்ற ஒரே சொல் தனி இயல்பையும் ஒப்பீட்டையும் குறிக்கும். ‘விட’ என்ற துணைச்சொல் வந்தால்தான் ஒப்பீடு வெளிப்படையாகும். 78, 79 இரண்டையும் காட்டி ‘எது பெரிசு?’ என்றால், இரண்டுமே பெரிசுதான் என்று நினைக்கும் குழந்தை மொழியின்படி தவறிழைக்கவில்லை. அட்டையில் ஓர் எண் சற்றுப் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தால் அதைத் தொடும் குழந்தையும் அப்படியே.

இதற்குச் சிறந்த சான்று 1983இல் டாம் ஹட்சன் செய்த சோதனை. ஐந்து பறவைகளும் நான்கு புழுக்களும் உள்ள படத்தைக் காட்டி, ‘புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம்?’ என்று கேட்டபோது சிறு குழந்தைகளில் பெரும்பாலோர் தடுமாறினர். ‘எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காது?’ என்று அதே படத்தைக் காட்டிக் கேட்டபோது ஏறத்தாழ அனைவரும் சரியாகச் சொன்னார்கள். கணக்கு மாறவில்லை, கேள்வி மாறியது. பியாஜேயின் புகழ்பெற்ற எண் மாறாமைச் சோதனையும் இதே திருத்தத்துக்கு உள்ளானது. வரிசையாக வைத்த காசுகளைப் பரப்பி வைத்துவிட்டு ‘இப்போதும் சமமா?’ என்று இரண்டாம் முறை கேட்கும்போது, முதல் பதில் தவறு போலும் என்று குழந்தை பதிலை மாற்றிவிடுகிறது. ஒரே முறை கேட்டால் தவறுகள் குறைவதை 1974இல் ரோஸும் பிளாங்க்கும் காட்டினர். ‘மறுபடி சொல்லு’ என்பதற்கு ‘நீ சொன்னது தப்பு’ என்றே பொருள் வழங்கும் நம் வகுப்பறைகளில் இந்த விளைவு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். எண் என்பது எல்லா மொழிக்கும் பொதுவானதுதானே. ஒரு மொழியில் புரிந்தவளுக்கு இன்னொரு மொழியிலும் புரியாதா? பாதி உண்மை. ஆங்கிலத்தோடு ஸ்பானியமோ பிரெஞ்சோ பேசும் இருமொழிக் குழந்தைகளைக் கேட்டி வாக்னர், டேவிட் பார்னர் உள்ளிட்டோர் ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவு இவ்விடத்தில் பெரிதும் உதவுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய சொற்களின் பொருளைக் குழந்தை ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாகவே கற்கிறது. ஆனால் கடைசிச் சொல்லே தொகை என்ற கொள்கை ஒரு மொழியில் பிடிபட்டுவிட்டால் மறு மொழிக்கும் எளிதில் கடக்கிறது. அதாவது கருத்து கடக்கும், சொல் கடக்காது. கன்னடத்தில் ‘ஏளு’ கேட்டுத் தவறிய குழந்தை தமிழில் ‘ஏழு’ கேட்டுச் சரியாகத் தருமானால், அதற்கு இல்லாதது ஒரு சொல். அது சில வாரங்களில் வந்துவிடும். இரு மொழியிலும் தவறினால், இல்லாதது கருத்து. இவ்விரண்டுக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு. ஒரே மொழியில் சோதிக்கும் தாள் இவற்றை ஒரே குறியால் குறிக்கிறது.

பெங்களூருவில் இது விதிவிலக்கான குழந்தையின் கதை அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் குறித்தோர் பாதிக்கும் குறைவு; தமிழ், தெலுங்கு, உருது ஒவ்வொன்றும் பத்து விழுக்காட்டைத் தாண்டுகின்றன. தொடக்கப்பள்ளியில் தாய்மொழி வழிக் கல்வியை அரசு கட்டாயமாக்க முடியாது என்று கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் தீர்ப்பளித்தது. 2019-20இல் கர்நாடக அரசே ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளைத் தொடங்கியது. வீட்டு மொழியும் பயிற்று மொழியும் பிரிந்து நிற்பதே இங்கு இயல்பு.

தேசிய அளவிலான மதிப்பீடுகளைப் பார்த்து இதை மதிப்பிடலாகாது. அவற்றின் நோக்கம் வேறு. 2005 முதல் நடக்கும் ஏசர் ஆய்வு ஊரகக் குடும்பங்களுக்குச் சென்று குழந்தைகளை ஒவ்வொருவராகச் சந்திக்கிறது; எண்களை அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல் என்று சில படிகளில் குழந்தை எட்டும் உயர்ந்த படியைக் குறிக்கிறது. 2021 ஜூலையில் தொடங்கிய நிபுன் பாரத் இயக்கத்தின் பகுதியாக, 2022 மார்ச்சில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் சுமார் 86,000 பேரிடம் அடிப்படைக் கற்றல் ஆய்வு 20 மொழிகளில் நடத்தப்பட்டது. ஒவ்வொரு குழந்தையிடமும் நேருக்கு நேர் கேட்டதும், இத்தனை மொழிகளில் கேட்டதும் பாராட்டத்தக்கவை. இவை ஒரு மாநிலத்தின் பள்ளிகள் எங்கே நிற்கின்றன என்று சொல்ல அமைந்தவை. பெருந்தொகையில் தனிமனிதப் பிழைகள் கரைந்துவிடும். ஒரு பள்ளி அதே வகைக் கேள்விகளை எடுத்துத் தனியொரு குழந்தையின் மேல் முடிவு எழுதும்போது கரைவதற்கு எதுவும் இல்லை. பிழை முழுவதும் அந்த ஒரு குழந்தையின் மேல் விழுகிறது.

கேள்விகளைத் தமிழாக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணுவதும் சரியன்று. அல்சூர்ச் சிறுமி தமிழைப் பள்ளியில் படிப்பவள் அல்லள். அவள் அறிந்தவை ‘ஒண்ணு’, ‘அஞ்சு’, ‘ஒம்பது’, ‘எத்தன இருக்கு?’, ‘எத்தனை உள்ளன?’ என்ற எழுத்துத் தமிழ் அவளுக்கு மூன்றாவது அயல்மொழி. மேலும் பல வீடுகளில் பேருந்து எண்ணும் தொலைபேசி எண்ணும் ஆங்கிலத்தில்தான் சொல்லப்படுகின்றன. தோசையும் மாடிப்படியும் தமிழில் எண்ணப்படுகின்றன. அத்தகைய குழந்தைக்கு எண்ணுருவின் மொழி ஒன்றாகவும் எண்ணிக்கையின் மொழி வேறாகவும் இருக்கலாம். விரல் கணுக்களைப் பெருவிரலால் தொட்டு எண்ணும் பாட்டியிடம் பழகிய குழந்தை, விரலை விரித்துக் காட்டச் சொன்னால் திகைத்து நிற்கலாம். கேட்பவர் குழந்தையின் பேச்சையும் பழக்கத்தையும் பின்தொடர்ந்தால் மட்டுமே உண்மை வெளிவரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்த்திசையில் உள்ள ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ‘மொழிதான் காரணம், தானே சரியாகிவிடும்’ என்ற ஆறுதல், உண்மையிலேயே கணக்கில் கற்றல் குறைபாடு உள்ள குழந்தைக்குச் சில விலைமதிப்பற்ற ஆண்டுகளை இழக்கச் செய்யும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை அங்கீகரித்தது. எண்ணறிவுக் குறைபாடும் அதனுள் அடங்கும். அக்குறைபாட்டைக் கண்டறியப் பரவலாகப் பயன்படும் சோதனைத் தொகுப்பு இதே பெங்களூருவின் நிமான்ஸ் நிறுவனத்தில் உருவானது. 5 முதல் 7 வயதினருக்கான அதன் முதல் நிலையில் எண் திறனும் இடம்பெறுகிறது. ஆனால் 2018 ஜனவரியில் வெளியான அரசு வழிகாட்டுநெறிகள் எட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கே சான்றிதழ் என்று வரையறுத்தன. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு நிதானம் புலப்படும்: சிறு வயதிலேயே கவனிக்கத் தொடங்கு, பெயர் சூட்ட அவசரப்படாதே. கூடுதல் மொழிகளில் சோதிப்பது இந்த நிதானத்துக்குத் துணை செய்யும். வீட்டு மொழியில், கைப்பொருளோடு, பழகியவர் கேட்டும் ஒரு குழந்தை மாதக்கணக்கில் நான்கையும் ஐந்தையும் பிரித்தறியத் தடுமாறினால், மொழி என்ற விளக்கம் அங்கே தீர்ந்துவிட்டது. தகுதிவாய்ந்த உளவியலாளரிடம் தயங்காமல் செல்ல வேண்டிய இடம் அதுவே.

பள்ளிகளுக்குச் செய்யக்கூடியவை மூன்று. மதிப்பீட்டுத் தாளில் கேட்ட மொழியையும் குழந்தை பதிலளித்த மொழியையும் குறிக்க ஒரு கட்டம் வேண்டும். எந்த மொழியில் சொன்னாலும் சரியான எண் சரியே என்பது விதியாக வேண்டும். ஆசிரியருக்குத் தெரியாத மொழியானால் வகுப்பு உதவியாளரோ பெற்றோரோ உதவலாம். தவறிய விடையை அப்படியே எழுதிவைக்க வேண்டும். ‘14ஐ 41 என்றான்’ என்ற குறிப்பு ஒரு மதிப்பெண்ணைவிடப் பல மடங்கு சொல்லும். நாற்பது குழந்தைகள் உள்ள வகுப்பில் இதற்கு நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. நூறுவரை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பதை நிறுத்தினாலே அந்த நேரத்தில் ஒரு பகுதி கிடைத்துவிடும்.

பெற்றோர் கேட்க வேண்டியவையும் எளியவை: என்ன கேட்டீர்கள்? எந்த மொழியில் கேட்டீர்கள்? அவள் சொன்ன சொல் எது? பொருள்களைக் கொடுத்துக் கேட்டுப் பார்த்தீர்களா? இவற்றுக்கு விடை கிடைக்காத தாளை வைத்துக் குழந்தையைப் பற்றி எந்த முடிவுக்கும் வர வேண்டியதில்லை.

அல்சூர்ச் சிறுமியின் தாள் இப்படி எழுதப்பட்டிருக்கலாம்: ‘90 அட்டை: தமிழில் தொண்ணூறு என்றாள், சரி. கன்னடப் பெயர் இன்னும் தெரியவில்லை. ஏழு விதைகள் கேட்டபோது எண்ணி எடுத்துத் தந்தாள். 78, 79இல் எது பெரியது என்பதற்கு இரண்டையும் தொட்டாள். வேறு சொற்களில் மீண்டும் கேட்க வேண்டும்.’ நான்கு வரிகள். இவற்றைப் படிக்கும் தாய்க்கு இன்று மாலை மகளிடம் என்ன பேச வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.